சானி கணவாய் ஏறும் முன் ஹைம்வில்: முதல்முறை போகிறவர்களுக்கு

டர்பனில் யாரிடமாவது "சானி போயிருக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். விடியற்காலையில் கிளம்பினோம், மேலே ஏறினோம், போட்டோ எடுத்தோம், இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம் என்பார்கள். இப்படிப் போனால் பன்னிரண்டு மணி நேரம் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைவழிதான் சானி கணவாய். அதன் அடியில் ஹைம்வில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்கி, வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கணவாய் ஏறுங்கள் என்பதுதான் நான் சொல்லும் முறை. பயணம் நிதானமாக அமையும், உடம்புக்கும் நல்லது, பாதுகாப்பும் அதிகம். அந்த ஊரின் மனிதர்களையும் பார்த்துப் பேச முடியும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து டர்பனில் குடியேறியவர்கள் பலர் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் தலைமுறைகளாக இருந்தும் மலைப் பக்கமே போகாத குடும்பங்களும் கேட்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வாரிசுகளுக்கு இந்த நாட்டுக்குள்ளேயே எல்லைகள் இருந்தன. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போக 1970-கள் வரை பெர்மிட் வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் 1980-களின் நடுப்பகுதி வரை இந்தியர் குடியிருக்கவே முடியாது. டிராக்கன்ஸ்பர்க் மலை விடுதிகள் அப்போது வெள்ளையருக்கு மட்டும்தான். நம் தாத்தா, ஆயா தலைமுறைக்கு அந்த மலை தூரத்தில் தெரிந்த ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான். இன்று யார் வேண்டுமானாலும் போகலாம். போங்கள், பெரியவர்களையும் அழைத்துப் போங்கள்.

ஊர் எங்கே இருக்கிறது

குவாசூலு-நேட்டாலின் மேற்கு ஓரத்தில், தெற்கு டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் அண்டர்பர்க், ஹைம்வில் என்று இரண்டு ஊர்கள் ஐந்தாறு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அண்டர்பர்க் பெரியது. சூப்பர்மார்க்கெட், பெட்ரோல் பங்க், ஏடிஎம், மருந்துக்கடை எல்லாம் அங்கேதான். ஹைம்வில் ஒரு பிரதான தெருவும் அதைச் சுற்றிய வீடுகளும் கொண்ட சிற்றூர். 1899 முதல் 1903 வரை நேட்டால் காலனியின் பிரதமராக இருந்த ஆல்பர்ட் ஹைம் பெயரால் அமைந்த ஊர் இது. இங்கிருந்துதான் சானி சாலை பிரிந்து லெசோத்தோ எல்லைக்கு ஏறுகிறது.

அந்தச் சாலை ஆதியில் வெறும் ஒற்றையடிப் பாதை. லெசோத்தோவின் மொகோட்லாங் மலைப் பகுதியிலிருந்து ஆட்டு ரோமம் கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்கும். மாவும் கடைச் சாமான்களும் அதே கழுதைகளில் ஏறும். 1948-இல்தான் முதல் ஜீப் இந்தப் பாதையில் மேலே போனது. ஓட்டியவர் காட்ஃப்ரி எட்மண்ட்ஸ் என்ற முன்னாள் போர் விமானி. கயிறு கட்டி இழுக்க ஆட்களை வைத்துக்கொண்டுதான் அவரும் ஏறினார். 1950-களில் முறையான வண்டிப் போக்குவரத்து வந்தது. இன்றும் மொகோட்லாங்கிலிருந்து கோம்பி டாக்ஸிகள் (பலர் சேர்ந்து போகும் வேன்கள்) அதே பாதையில் இறங்கி அண்டர்பர்க் கடைத்தெருவுக்கு வருகின்றன. நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு வாரச்சந்தைக்குப் போகும் வழி. சாலையில் அவர்கள் எதிரே வரும்போது இது நினைவிருக்கட்டும்.

எப்போது போகலாம்

ஏப்ரல் இறுதியும் மே மாதமும் என் முதல் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், வானம் கண்ணாடியாக இருக்கும், குளிர் இன்னும் கடிக்கத் தொடங்கியிருக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலை பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் பிற்பகல் ஆனாலே இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டி. அந்த மாதங்களில் வெளிவேலை எல்லாவற்றையும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி விழலாம். பனி பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள், பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம். அண்டர்பர்க் பக்கத்துப் பண்ணை ஒன்றில் 1990-இலிருந்து ஸ்ப்ளாஷி ஃபென் இசை விழா நடக்கிறது, கூட்டம் அங்கே திரண்டுவிடும். நம்மவர்களுக்கும் அது இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவும் தீமிதியும் நடக்கும் நேரம். கோயிலை முடித்துக்கொண்டு அடுத்த வாரம் மலைக்குக் கிளம்புங்கள்.

புரட்டாசி இங்கே வசந்தத் தொடக்கம், புல் துளிர்க்கும் காலம். விரதம் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ஊரில் உள்ள சாப்பாட்டு இடங்களில் இறைச்சிதான் அதிகம். சைவம் கேட்டால் சிப்ஸ், டோஸ்ட், சாலட் என்று நின்றுவிடும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுப்பதுதான் சரி.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கணவாயின் மேல் முனை வேறு நாடு. ஹைம்வில்லோடு திரும்புவதானால் எதுவும் வேண்டாம். மேலே போவதானால் ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான். தென்னாப்பிரிக்க அடையாள அட்டையை எல்லையில் ஏற்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வெற்றுப் பக்கமும், காலாவதிக்குச் சில மாத இடைவெளியும் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு லெசோத்தோ போக விசா தேவையில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, லெசோத்தோ விசா பற்றிய அப்போதைய விதியை அந்த நாட்டுத் தூதரகத்திலேயே கேளுங்கள், நண்பர் சொன்னார் என்று கிளம்பாதீர்கள். இரண்டாவதுதான் பலருடைய கண்ணில் படாமல் போவது. உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒரே ஒரு முறை நுழைவுக்கானதா, பல முறை நுழைவுக்கானதா? ஒரு முறை விசாவோடு, கணவாய் அடியில் உள்ள தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியான கீழ்ச் சாவடியில் வெளியேறும் முத்திரை வாங்கிவிட்டால், மாலையில் திரும்பி உள்ளே வருவது பிரச்சினையாகிவிடும். மேலே ஒரு காபி குடிக்கப் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்தப் பயணத்தில் எல்லையைத் தாண்டாதீர்கள். எல்லைக்கு இப்பாலேயே இரண்டு நாளுக்குப் போதுமான விஷயம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பிள்ளைகளோடு போகிறவர்கள், பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா மட்டுமோ அப்பா மட்டுமோ கூட்டிப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகும் தாத்தா, ஆயாவுக்குப் பெற்றோர் இருவருடைய கடிதமும் தேவை.

வண்டிக்கும் காகிதம் உண்டு. வாடகை வண்டி என்றால் எல்லை தாண்ட அனுமதிக் கடிதத்தை அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். சொந்த வண்டியாக இருந்தாலும் வங்கிக் கடன் முடியவில்லை என்றால் வங்கியின் கடிதம் வேண்டும். வண்டிப் பதிவுச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் இரண்டும் ஒரே உறையில் இருக்கட்டும். காப்பீடு லெசோத்தோவில் செல்லுமா என்றும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

டர்பனிலிருந்து போகும் வழி

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் அருகே மெரிவேலில் இறங்கி ஆர்617 சாலையைப் பிடியுங்கள். பாஸ்டன், புல்வர், அண்டர்பர்க், அப்புறம் ஹைம்வில். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு இரண்டரையாகக் குறைக்க வேண்டாம். ஆர்617-இல் மரம் ஏற்றிய லாரிகள் வரும், பள்ளங்கள் இருக்கும், வளைவு திரும்பினால் நடுரோட்டில் மாடு நிற்கும். மூடுபனி சில காலைகளில் பத்து மீட்டருக்கு மேல் காட்டாது. இருட்டிய பிறகு இந்தச் சாலையில் ஓட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்புவதைவிட சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவது நூறு மடங்கு மேல்.

புல்வரில் ஒரு தேநீர் நேரம் நிறுத்துங்கள். ஊருக்குப் பின்னால் உள்ள மலையிலிருந்து பாராகிளைடரில் குதிப்பார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்த வட்டாரத்தில்தான் ஃபோலேலா சுகாதார மையம் இருக்கிறது. 1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி தொடங்கியது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், கிராமத்து வீடுகளுக்கே போய், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்த்து மருத்துவம் செய்யும் முறை அங்கே உருவானது. சமூக மருத்துவம் படிக்கிறவர்கள் உலகம் முழுதும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். சாலையோரப் பலகையைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதல் நாள்: ஊரில் இறங்கியதும்

அண்டர்பர்க்கில் மூன்று வேலை. டேங்க் நிறைய எரிபொருள், கையில் கொஞ்சம் ரொக்கம், இரண்டு நாளுக்கான காய்கறி, பால். மேலே ஏறினால் அடுத்த பெட்ரோல் பங்குக்கு மொகோட்லாங் வரை போக வேண்டும். மசாலா, புளி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் டர்பனிலிருந்தே வர வேண்டும், அங்கே தேடாதீர்கள்.

ஹைம்வில்லில் விருந்தினர் விடுதிகளும் பண்ணை வீடுகளும் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கணப்பு உண்டா, விறகு சேர்த்தா தனியா? மின்சாரம் போனால் கேஸ் அடுப்பு உண்டா? போர்வை எத்தனை? குளிர்காலத்தில் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். டர்பன் வாசிகளிடம் உள்ள மெல்லிய ஸ்வெட்டர் அதற்குப் போதாது. கம்பளிக் குல்லா, காலுறை, காற்று புகாத மேல்சட்டை மூன்றும் கோடையிலும் பையில் இருக்கட்டும், ஏனென்றால் கணவாய் மேலே எந்த மாதமும் நடுக்கும்.

குக்கர் எடுத்துப் போங்கள். ஹைம்வில் 1,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும். கொதி பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் பருப்பு வேகாது, சுகர் பீன்ஸ் கேட்கவே வேண்டாம். திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. குக்கரில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். சோற்றுக்கும் தண்ணீர் ஒரு கை அதிகம் வையுங்கள்.

அன்று பிற்பகலை ஊருக்குள்ளேயே நடந்து கழியுங்கள். பழைய கல் கோட்டை ஒன்று பிரதான தெருவில் இருக்கிறது. ஆங்கிலேய-போயர் போர்க் காலத்தில் கட்டியது. போர் முடிந்த பிறகு அதையே சிறையாக்கினார்கள், இப்போது அருங்காட்சியகம். சின்ன இடம்தான், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சுவரின் கனத்தைத் தொட்டுப் பாருங்கள். ஊரை ஒட்டிய சிறு வனக் காப்பகத்தில் இரண்டு நீர்நிலைகள் உண்டு. மாலை வெயிலில் மலைத் தொடர் முழுக்க அங்கிருந்து தெரியும்.

கடையிலும் தெருவிலும் சூலு மொழிதான் அதிகம் கேட்கும். "சவுபோனா" என்று வணக்கம் சொல்லி, "ஙியாபோங்கா" என்று நன்றி சொல்லுங்கள். ஒரு நொடி நின்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியதை நேரே கேட்பது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. வணக்கம், நலம் விசாரிப்பு, அப்புறம்தான் விஷயம்.

படுக்கப் போகும் முன் விடுதிக்காரரிடம் ஒரே கேள்வி: "நாளைக்கு மேலே எப்படி இருக்கும்?" போனில் வரும் வானிலையைவிட அவர்கள் சொல்வது மேல். நாளைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டு இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான்.

கணவாய் ஏறும் நாள்

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: யார் ஓட்டுவது? ஏறுவதற்கு ஃபோர்-பை-ஃபோர் (நான்கு சக்கர இயக்க) வண்டி கட்டாயம். சாதாரணக் காரையோ இரண்டு சக்கர இயக்க பக்கியையோ (பிக்கப் வண்டி) கீழ்ச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி இருந்தும் மலைச்சாலை ஓட்டிப் பழக்கமில்லை என்றால், முதல்முறை உள்ளூர் வழிகாட்டியின் வண்டியில் போங்கள். ஹைம்வில்லிலும் அண்டர்பர்க்கிலும் நாள் முழுக்கக் கூட்டிப் போய் வரும் சேவைகள் பல இருக்கின்றன. அவர்களுடைய ஓட்டுநர் வாரத்தில் பல நாள் அந்தச் சாலையில் இருப்பவர். எந்த வளைவில் கல் சரிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஓட்டுகிறவரும் சன்னல் வழியாகப் பார்க்கிற ஒரே முறை அதுதான்.

எல்லைச் சாவடிகள் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். நேரம் மாறியிருக்கிறதா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் கீழ்ச் சாவடியில் நிற்பது நல்லது. அதுவரைக்குமான சாலையைச் சில ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாகச் செப்பனிட்டு வருகிறார்கள். வழியோரத்தில் ஓடும் ஆறு ம்கோமசானா. அது கீழே போய் உம்கோமாசி ஆற்றோடு கலக்கிறது. தென்கரையில் உம்கோமாஸ் ஊரருகே கடலில் சேரும் அதே ஆறுதான். உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பத்து ஆட்கள் கூட வந்தால், வண்டியை நிறுத்தி அந்தத் தண்ணீரைக் காட்டுங்கள்.

கீழ்ச் சாவடியில் பாஸ்போர்ட் முத்திரை. அதற்கு அப்பால் சுமார் 8 கிலோமீட்டர் மண்ணும் கல்லுமான சாலை, அதற்குள் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நாட்டை விட்டு வெளியேறியதாக முத்திரை குத்தியாயிற்று, ஆனால் அந்த 8 கிலோமீட்டரும் தென்னாப்பிரிக்க மண்தான். உண்மையான எல்லை உச்சியில் நீர் பிரியும் வரம்பில்தான் இருக்கிறது.

நீங்களே ஓட்டுவதானால் இதைக் கவனியுங்கள். சாவடியிலேயே லோ ரேஞ்சுக்கு மாற்றிவிடுங்கள். முதல் கியர், சில இடத்தில் இரண்டாவது, அதற்கு மேல் வேண்டாம். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும், ஆனால் மறுபடி அடிக்க பம்ப் கையில் இருக்க வேண்டும். கூரை மேல் சுமை ஏற்றாதீர்கள். எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நின்றுபோன வண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் வந்த வழக்கம் இது. இறங்கும்போது நீங்களும் அப்படியே ஒதுங்கி நில்லுங்கள். மேல் பகுதியில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு ஐஸ் கார்னர் என்று பெயர். வெயிலே படாத நிழல் வளைவு, குளிர்காலத்தில் உருகிய நீர் அங்கே உறைந்து நாள்கணக்கில் கிடக்கும். கண்ணுக்கு ஈரம் போலத்தான் தெரியும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் அந்த இடத்தில் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தவே கூடாது.

வழியில் பாறை மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கீழே வெளிறிய மணற்கல், மேலே கரும்பாறை. அந்தக் கரும்பாறை சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. மேலே வட்டமிடும் பெரிய பறவை, வால் ஆப்பு வடிவில் இருந்தால், அது தாடிக் கழுகு. தெற்கு ஆப்பிரிக்காவில் இந்த மலைத் தொடரை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது.

உச்சியில்

2,874 மீட்டர். வண்டியை விட்டு இறங்கியதும் ஓடாதீர்கள். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை கனக்கும். முந்தின இரவை ஹைம்வில்லில் கழித்தவர்களுக்கு இது கொஞ்சம் குறைவு. தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வாந்தி வந்தாலோ அதற்கு ஒரே மருந்து இறங்குவதுதான்.

லெசோத்தோ சாவடியில் இன்னொரு முத்திரை, வண்டிக்குச் சிறு சாலைக் கட்டணம். ராண்ட் அங்கே அப்படியே செல்லும், ஒரு ராண்டுக்கு அந்த நாட்டுப் பணமான லோட்டி ஒன்று. ஆனால் மீதியாக லோட்டி கொடுத்தால் கீழே கடைகளில் வாங்க மாட்டார்கள், மேலேயே செலவழித்துவிடுங்கள். போனில் ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

விளிம்பில் ஒரு விடுதி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மிக உயரமான பப் என்று அதற்குப் பெயர். அதன் வெளித் திண்ணையில் நின்றால் ஏறி வந்த சாலை முழுவதும் காலடியில் சுருண்டு கிடக்கும். அங்கே கல்லிடுக்குகளில் ஐஸ் ராட் என்ற குட்டையான, உருண்ட பழுப்பு எலிகள் கூட்டமாக வெயில் காயும். பக்கத்தில் குனிந்தாலும் உடனே ஓடாது. காது சின்னது, வால் குட்டை, முடி அடர்த்தி, எல்லாம் குளிருக்காக. பிஸ்கட் போடாதீர்கள், புல்லும் வேரும் தின்று வாழும் பிராணி அது.

லெசோத்தோவின் பசோத்தோ மக்களின் வட்டக் கல் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. உள்ளே போக வேண்டுமானால் வழிகாட்டி மூலம் கேட்டு, சிறு தொகை கொடுத்துப் போகலாம். ஆணுக்கு "ந்தாதே", பெண்ணுக்கு "ம்மே" என்று சொல்லி "டுமேலா" என்று வணங்குங்கள். கதவு தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். தரை நம் ஊர் வாசல் மாதிரி சாணம் மெழுகியது. மரமே இல்லாத நிலம் என்பதால் அடுப்பெரிக்கவும் காய்ந்த சாணம்தான். நடுவில் கனலும் அந்த நெருப்பின் மேல் மூடிய இரும்புச் சட்டியில் ரொட்டி வேகும். சூடாக ஒரு துண்டு கொடுப்பார்கள், மேலே கருகல், உள்ளே பஞ்சு, புகை வாசம். வெளியே கம்பத்தில் வெள்ளைக் கொடி பறந்தால் அந்த வீட்டில் சோளத்தில் காய்ச்சிய பீர் விற்பனைக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டுகிறவர் அதைத் தொடக்கூடாது.

கம்பளி போர்த்திய இடையர் சிறுவர்கள் ஆட்டு மந்தையோடு நிற்பார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், கேட்டு எடுத்தால் ஏதாவது கொடுங்கள். ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஓடும் வண்டியிலிருந்து மிட்டாய் வீசாதீர்கள். வீசிப் பழக்கியதால் பிள்ளைகள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடி வருகிறார்கள், அதுவும் சரிவான சாலையில். கொடுக்க மனம் இருந்தால் நோட்டு, பென்சில், கம்பளித் தொப்பி, காலுறை இவற்றை வழிகாட்டியிடம் கொடுத்து அங்குள்ள பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்க விரும்பினால், அவர்கள் கையால் பின்னிய கம்பளித் தொப்பியும் புல் தொப்பியும் பாதையோரம் கிடைக்கும். பேரம் பேசிப் பத்து ராண்ட் குறைப்பதில் பெருமை இல்லை.

நேரம் மிச்சமிருந்தால் தார்ச்சாலையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய், 3,200 மீட்டருக்கு மேல் உள்ள பிளாக் மவுண்டன் கணவாய் வரை பார்க்கலாம். அங்கிருந்து தபானா ந்ட்லென்யானா சிகரம் தெரியும், 3,482 மீட்டர். கிளிமஞ்சாரோவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் அதைவிட உயரம் இல்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். ஆறு மணிக்குச் சாவடி மூடும் என்பதை நம்பி ஐந்து மணி வரை உட்காராதீர்கள். மேகம் விளிம்புக்கு மேலே ஏறி வந்தால் கடிகாரம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். இறைச்சி, பால் பொருள், செடி, விதை எதையும் எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டாம், கால்நடை நோய்க் கட்டுப்பாடு கடுமையானது.

மேலே போக முடியாதவர்களுக்கு

விசா சரியில்லை, வானிலை சரியில்லை, மூட்டு வலி என்று எந்தக் காரணமாக இருந்தாலும் கவலை வேண்டாம். கோபாம், கார்டன் காசில் என்ற இரண்டு காப்பகங்களும் ஹைம்வில்லிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆற்றங்கரையோரமாக ஒரு மணி நேரம் நடந்து, பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு வரலாம். இந்த மலை முழுதும் 2000-ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்து, 2013-இல் லெசோத்தோவின் செஹ்லபதேபே பூங்காவும் அதில் சேர்ந்தது. இயற்கைக்காக மட்டும் கிடைத்த தகுதியல்ல அது. சான் என்ற பழங்குடி மக்கள் பாறைக் குகைகளில் தீட்டிய ஓவியங்களுக்காகவும்தான். வழிகாட்டியோடு மட்டுமே அவற்றைப் பார்க்கப் போங்கள். தொடக்கூடாது, படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கவே கூடாது. அப்படித் தெளித்துத் தெளித்தே அழிந்த ஓவியங்கள் உண்டு.

நடக்க ஆசையுள்ள இளைஞர்களுக்கு ஜயண்ட்ஸ் கப் பாதை இருக்கிறது. சானி சாலையில் தொடங்கி புஷ்மன்ஸ் நெக்கில் முடியும் ஐந்து நாள் நடை, சுமார் 60 கிலோமீட்டர், இரவுகளில் குடிசைகளில் தங்கலாம். மலைக்குள் போகும் முன் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நேரம் எழுதிவிட்டுப் போங்கள். தேட வேண்டி வந்தால் அந்த ஒரு வரிதான் வழிகாட்டும். இடி கேட்டால் முகட்டில் நிற்காமல் இறங்கிவிட வேண்டும்.

திரும்பும் நாள்

காலை உணவு முடித்துப் பத்து மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வீடு சேரலாம். காற்றைக் குறைத்திருந்தால் அண்டர்பர்க்கில் டயர்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் தார்ச்சாலையில் வேகம் எடுக்க வேண்டும். மெரிவேல் வந்ததும் ஹோவிக்கில் இரண்டு இடங்கள். 95 மீட்டர் அருவி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்குச் சற்று வெளியே, 1962 ஆகஸ்ட் 5 அன்று நெல்சன் மண்டேலாவைப் போலீஸ் மறித்துக் கைது செய்த சாலையோரம். அங்கே நட்டிருக்கும் 50 இரும்புக் கம்பங்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் அவர் முகமாகச் சேரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், முன்பு லாங்மார்க்கெட் எனப்பட்ட லங்கலிபலேலே தெருவில் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் போக நினைப்பவர்கள் நடை திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோவிக்கிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறங்கும் டவுன் ஹில் சரிவில் மட்டும் கவனம் தளரக் கூடாது. கனரக லாரிகள் பிரேக் சூடேறி வரும் இடம் அது, மூடுபனியும் சட்டென்று இறங்கும். இடது ஓரத்தில் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளாமல், முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, கியரைக் குறைத்து இறங்குங்கள்.